காயும் வரை சிரிக்கக் கூடாது

முகத்தில் பேக் பூசி முடித்த பிறகுதான் ஹவுஸ் ஓனர் அம்மா அந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்தார்.

பார்லர்க்காரி வாங்கி வைக்கக் கையை நீட்டுவதற்குள் அவர் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

அதில் அவள் எழுதிய பேய்க்கதை இருந்தது. அச்சில் வந்த முதல் கதை. காலையில் அவள் கணவன் பெருமை தாங்காமல் ஒரு பிரதி வாங்கி வந்து, சரியாக அந்தப் பக்கத்தையே விரித்து, கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். எடுத்து ஒளித்து வைக்க அவளுக்கு மறந்துபோனது.

பெயரைப் பற்றிப் பயமில்லை. தெருவில் எல்லோருக்கும் அவள் ‘பார்லர்க்காரம்மா’தான். சொந்தப் பெயரில் எழுதியும் அது புனைபெயர் மாதிரிதான்.

“காயுற வரைக்கும் பேசாதீங்கம்மா, சிரிக்காதீங்க, வெடிச்சிடும். கண்ணுல வெள்ளரிக்காய் வைக்கட்டுமா?”

வேண்டாம் என்று விரலை ஆட்டினார். கண் பத்திரிகையை விட்டு அசையவில்லை.

இதற்கு முன் அவள் அனுப்பியவை எல்லாம் ரத்தம் உறைய வைக்கும் கதைகள். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். கடைசியாகத் திரும்பி வந்தபோது ஆசிரியரே போனில் கூப்பிட்டு, பயமே வரவில்லை, சிரிப்புதான் வருகிறது என்று சொல்லிவிட்டார். அழுதாள். அழுது முடித்ததும், சரி, சிரிக்கத்தானே வேண்டும், சிரித்துத் தொலையுங்கள் என்று உட்கார்ந்து எழுதினாள்.

ஒரு பேய் பியூட்டி பார்லருக்கு வருகிறது. தான் செத்துப்போனது அதற்குத் தெரியாது. கண்ணாடியில் முகம் தெரியவில்லை என்றதும், “என்ன மட்டமான கண்ணாடி வாங்கி மாட்டியிருக்கே?” என்று பார்லர்க்காரியைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் நாற்காலி சரியில்லை, துண்டு சரியில்லை, ஃபேன் காற்று தன்மேல் படவே இல்லை.

கதை உடனே தேர்வாகிவிட்டது.

இப்போது பார்லர்க்காரி, கழுவி வைத்த ப்ரஷ்களையே மறுபடி கழுவியபடி, கண்ணாடி வழியாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பூச்சுக்கு நடுவில் இரண்டு கண்கள். வேறு எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் பக்கம் முடிந்தது. உதடு அழுந்தியது.

கோபமா?

இடத்தைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று யோசிக்க ஆரம்பித்தாள். எதிர்ப்பக்கம் ஒரு கடை காலியாக இருக்கிறது. ஆனால் தண்ணீர் வசதி கிடையாது.

அப்போது ஹவுஸ் ஓனர் அம்மாவின் மூக்கு துடித்தது. வாயோரத்தில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. அது கன்னம் வரை ஓடியது. நெற்றி பிளந்தது. அடுத்த நொடி முகமே பொலபொலவென்று உதிர்ந்து மடியில் கொட்டியது.

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. நாற்காலி குலுங்கியது. தும்மல் வந்தது. கண்ணில் வழிந்த நீர் பச்சையாக இறங்கியது.

பார்லர்க்காரி ப்ரஷைக் கீழே போட்டுவிட்டாள். தன் கதைக்கு ஒருவர் சிரிப்பதை அவள் இதுவரை நேரில் பார்த்ததில்லை.

“ஐயோ, முடியலம்மா! இந்தப் பேய் அச்சு அசல் எங்க நாத்தனாரேதான்! யார் பெத்த பிள்ளையோ, பக்கத்துல இருந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கு. இதை அவகிட்ட படிச்சுக் காட்டாம விடமாட்டேன்.”

பத்திரிகை மடிந்து அவர் கைப்பைக்குள் போனது.

பார்லர்க்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த நாத்தனாரை அவள் பார்த்ததே கிடையாது. அந்தப் பேயைத் தேடி அவள் இந்தக் கடையை விட்டு வெளியே எங்கும் போகவும் இல்லை.

ஹவுஸ் ஓனர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். முகம் மாறியது.

“என்னம்மா பேக் போட்டே? ஒரு சிரிப்புக்குக்கூடத் தாங்கல!”

“மன்னிச்சுக்குங்கம்மா, இதோ வேற போடறேன்” என்று கிண்ணத்தை எடுத்த பார்லர்க்காரி, குழைத்துக்கொண்டே, மறந்துவிடாமலிருக்க அவர் கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியத்தை மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.