மட்டையைப் போட்டுவிட்டு ஓடு

பேஸ்பால் மாவட்ட அணித் தேர்வுக்குத் தன் மகள் முத்துமாரியை அழைத்து வந்திருந்தார் சன்னாசி. அவள் பந்தை அடித்தாள். கிரிக்கெட்டில் பழகிய கை, மட்டையோடே ஓடினாள்.

“கீழ போட்டுட்டு ஓடும்மா! இன்னொரு தடவை தூக்கிட்டு ஓடினா டீம்ல இடமில்ல,” என்று கத்தினார் கோச்.

வேலியோரம் நின்ற சன்னாசிக்குப் பொறுக்கவில்லை. “கையில இருக்கிற சாமானை மண்ணுல எறிஞ்சிட்டு ஓடுறதெல்லாம் ஒரு ஆட்டமாய்யா? எவனாச்சும் தூக்கிட்டுப் போனா?”

“இந்த உருட்டுக்கட்டையை எவன்யா தூக்குவான்?”

“அப்பிடித்தான் சொல்லுவீங்க.”

அடுத்த பந்தைத் தூரமாக அடித்தாள். மட்டையை விட்டாள். நாலு எட்டு ஓடியவள், வெறுங்கை உறுத்த, தயங்கித் திரும்பிப் பார்த்தாள். சன்னாசி வேலியைத் தாண்டிப் போய் மட்டையை எடுத்து இடுக்கிக்கொண்டார்.

“ஓடு தாயி. இது எங்கிட்டதான் இருக்கு.”