காலித் தொட்டியின் சூடு

சாம்பியன் ரீப்ஸில் நேத்ராவின் வீட்டுக் கொல்லையில் இருந்த ஹாட் டப் என்ற வெந்நீர்த் தொட்டி, அவள் அப்பா தன் முதுகுவலிக்காக வாங்கிப் போட்டது. அவரைப் பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அதன் திரை நூற்று மூன்று டிகிரி காட்டியது. தண்ணீரோ சில்லென்றிருந்தது.

பங்காருபேட்டையிலிருந்து வந்த மெக்கானிக் சேகர் தண்ணீரை வடித்துவிட்டுப் புது சென்சார் மாட்டினார். அப்போதும் நூற்று மூன்று.

"காலி தொட்டிக்கு இன்னா இவ்ளோ சூடு?" என்றார்.

நேத்ரா ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவுக்குப் போன் செய்தாள். "நைனாவுக்கு எப்டிம்மா கீது?"

"ஜுரம் எறங்கவே இல்லடி. நூத்தி மூணு."

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் திரையின் எண் அசைந்தது. தொண்ணூற்றெட்டுக்கு வந்தபோது, அப்பாவுக்கு ஜுரம் விட்டுவிட்டது என்று நேத்ரா சிரித்தேவிட்டாள். எண் அங்கே நிற்கவில்லை. தொண்ணூறு, எண்பத்தைந்து என்று இறங்கி எண்பத்திரண்டில் நின்றது.

சேகர் தன் வெப்பமானியைக் காற்றில் பிடித்துப் பார்த்தார். அதிலும் எண்பத்திரண்டு.

"சரியாப் பூட்ச்சிம்மா. வெளியில இருக்கற சூட்டையே கரெக்டா காட்டுது," என்றார் திருப்தியாக.

நேத்ராவின் போன் அடித்தது. அம்மாதான். அவள் எடுக்கவில்லை.

"அண்ணா," என்றாள், "அந்த நூத்தி மூணையே திரும்பக் கொண்டாங்கண்ணா."