மூன்றாம் மாடி வெயில்

மின்சாரச் சிக்கனம் பற்றி ஜூனுஷாலி பேச ஆரம்பித்தால், கேட்பவர் கையிலிருக்கும் தேநீர் ஆறிவிடும். நாரின் என்ற அந்த மலைநகரத்துக் குளிரில் அது பெரிய சாதனையில்லை. அவர் பேசி முடிப்பதற்குள் அது உறைந்தும் போகும்.

ஒரு காலத்தில் கலாச்சார மாளிகையின் இயக்குநர். இப்போது தான் குடியிருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் தலைவர். தேர்ந்தெடுத்தார்கள் என்று அவர் சொல்வார். வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை என்பது மற்றவர்கள் சொல்வது.

அறைகளைச் சூடாக்கக் கட்டடத்திலிருந்த பழைய வெந்நீர் ரேடியேட்டர்களைக் குடியிருந்தவர்களே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுப் பல வருடமாகிறது. இப்போது வீட்டுக்கு வீடு மின்சார ஹீட்டர். அதனால் தலைவருக்குப் பேச விஷயம் குறைவதே இல்லை.

"வீட்டுக்குள்ளயும் கம்பளிக் கோட்டைக் கழட்டாதீங்க. எல்லாரும் ஒரே ரூம்ல படுங்க. கெட்டில்ல குடிக்கிற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்துங்க. நாட்டுக்குச் செய்யுற சேவை இது!" என்று படிக்கட்டில் நின்று முழங்குவார். போகிற வழியை அடைத்துக்கொண்டு நிற்பதால் எல்லாரும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஜனவரியில் வந்தது வம்பு. கட்டடத்துக்குள் வரும் மின்சாரம், எல்லா வீட்டு மீட்டரையும் கூட்டினால் வருவதைவிட அதிகம். யாரோ திருடுகிறார்கள். கண்டுபிடிக்காவிட்டால் கட்டடத்துக்கே இணைப்பைத் துண்டித்துவிடுவதாக மின்சார அலுவலகம் சொல்லிவிட்டது.

"எனக்கு ஆள் யாருன்னு தெரியும்," என்றார் ஜூனுஷாலி.

மற்றவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. மூன்றாம் மாடி புருல். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். ஊரே போர்வைக்குள் சுருண்டிருக்கையில் அவள் ஜன்னலின் மேல்கதவு திறந்தே கிடக்கும். அரைக்கை கவுனோடு நின்று தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். மின்கட்டணமோ கட்டடத்திலேயே குறைவு.

"ஏம்மா புருல், உன் வீட்டுல மட்டும் வெயில்காலமா?"

"எனக்கு உடம்புச் சூடு அதிகம்ண்ணே."

"உடம்புச் சூட்டுல தக்காளி காய்க்குமா?"

மறுநாளே மின்சார அலுவலக ஆய்வாளரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பின்னால் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும். புருலின் முகம் வெளுத்துவிட்டது. வாசலை மறித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ண்ணே, விட்ருங்களேன். இதனால யாருக்கு என்ன நஷ்டம்?"

"கேட்டீங்களா! யாருக்கு என்ன நஷ்டமாம்!" பழைய மேடை ஞாபகத்தில் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார் ஜூனுஷாலி. "இந்தக் குளிர்ல உன் ஒயரை அறுத்துப் போட்டாத்தான் உனக்கு நஷ்டம்னா என்னன்னு புரியும்."

ஆய்வாளர் தாலைபெக் வழுக்கைத் தலையர், பருத்த ஆள். வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். மீட்டரின் முத்திரை அப்படியே இருந்தது. பீரோவுக்குப் பின்னால் கள்ள ஒயர் இல்லை. ஹீட்டரே இல்லை. விளக்குகளை அணைத்ததும் மீட்டர் நின்றுவிட்டது.

"நல்லாத் தேடுங்க தம்பி. கைகாரி!" என்று வாசலிலிருந்து உற்சாகப்படுத்தினார் ஜூனுஷாலி.

தாலைபெக் அறை நடுவே நின்று ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கினார். கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்தார்.

"இதென்னங்க, கால் விறைக்குது, மண்டை வேர்க்குது?"

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கூரையில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"மேல்வீட்டுல யாரு?"

கூட்டம் ஜூனுஷாலியைப் பார்த்தது. ஜூனுஷாலி படிக்கட்டைப் பார்த்தார்.

எல்லாரும் நான்காம் மாடிக்கு ஏறினார்கள். வாசலில் தாலைபெக் குனிந்து பூட்ஸ் கயிற்றில் கை வைத்ததும், "அட, கழட்டாதீங்க தம்பி! அப்படியே உள்ள வாங்க," என்று பதறினார் தலைவர்.

இந்த ஊரில் எவரும் எவரிடமும் சொல்லியிராத வார்த்தை அது. பூட்ஸோடு கம்பளத்தில் கால் வைக்கிற மருமகனுக்குப் பெண்ணே தர மாட்டார்கள்.

தாலைபெக் நிதானமாகக் கழற்றினார். கம்பளத்தில் கால் வைத்தார். ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு சொக்கி நின்றார். பிறகுதான் உத்தியோகம் ஞாபகம் வந்து கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினார்.

"தரை பூராவும் சூட்டுக் கம்பி. மீட்டருக்கு முன்னாலயே கொக்கி போட்டு இழுத்திருக்கீங்க. அது சரிங்க ஐயா, கம்பிக்கு அடியில சூடு தடுக்குற அட்டை போடணுமே? அதை ஏன் போடல? பாதிச் சூடு கீழ்வீட்டுக்கில்ல இறங்கியிருக்கு!"

ஜூனுஷாலி தூக்கிய கம்பளத்தை மறுபடி விரிக்கப் பார்த்தார்.

"சிக்கனம்," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சிரித்துச் சிரித்து ஆளுக்காள் புருலின் தோளைத் தட்டினார்கள். தாலைபெக் கம்பியை வெட்டினார். அந்தச் சத்தம் கேட்டதும் புருல் விசும்ப ஆரம்பித்தாள்.

"அழாதீங்கக்கா. பழி நீங்கிருச்சே," என்றார் தாலைபெக்.

அவள் அவரைக் கவனிக்கவே இல்லை. ஜூனுஷாலியைப் பார்த்து வெடித்தாள்.

"ரெண்டு குளிர்காலமா எல்லாம் தெரிஞ்சும் நானே வாயை மூடிக்கிட்டு இருந்தேனே! உங்களை நீங்களே காட்டிக் குடுக்கறதா இருந்தா, பனி உருகுற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதாண்ணே?"