மலைப்புலி நேரலை

"மாமா, கால் தெரியுது. உள்ள இழுத்துக்கோங்க."

ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஸ்பிரிங்காரர் முழங்காலை மடக்கிக்கொண்டார்.

முப்பத்தெட்டு வருடமாகப் பட்டறைத் தரையில் நீட்டிக் கிடந்த கால்கள். இதுவரை யார் கண்ணையும் உறுத்தியதில்லை.

மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு நிமிடத்தில் நேரலை. வேலை நாட்களில் அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்துகிறவர், விடுமுறையன்று செல்போனுக்கு முன்னால் நின்றால் மலைப்புலி. நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள். புலியின் ஜீப் இதுவரை ஏறிய அதிகபட்ச உயரம் ஒரு துணிக்கடையின் மொட்டைமாடி பார்க்கிங்.

இன்று ஜீப்பே உயரப்போகிறது. பின்பக்க ஸ்பிரிங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஏழு இரும்புப் பட்டை ஒன்பதாகிறது. பாறை, பள்ளம் எதுவும் இனி அடியில் தட்டாதாம்.

'தனி ஆளாக, என் கையால்' என்று நேற்றே விளம்பரம் போட்டாயிற்று. அந்தக் கைதான் மாமனார் வடிவில் இப்போது அடியில் கிடக்கிறது.

ஸ்பிரிங்காரர் வாயைத் திறக்கமாட்டார். ஒருமுறை திறந்து பட்டது போதும்.

அன்றைக்கு நேரலையின் நடுவே எட்டிப் பார்த்து, "மாப்ள, நட்டை இறுக்குறதா நெனச்சு கழட்டிட்டு இருக்கீங்க" என்றுவிட்டார். நல்லெண்ணத்தில்தான். நாலாயிரம் பேர் சிரித்தார்கள். எவனோ அதை மட்டும் வெட்டி எடுத்துப் போட, இன்னும் நாற்பதாயிரம் பேர் சிரித்தார்கள். மறுநாள் காலை மகள் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

அவள் திரும்பிப் போக நாற்பத்தோரு நாள் ஆயிற்று. போன வாரம்தான் போனாள். போகும்போது கேட்டது ஒன்றே ஒன்று.

"அவர் பேசுறப்ப மட்டும் நீங்க பேசாதீங்கப்பா. எனக்காக."

மேலே தொண்டையைச் செருமும் சத்தம். மாப்பிள்ளையின் குரல் ஒரு சுற்றுப் பெருத்தது. வணக்கம் நண்பர்களே என்றது. இரும்போடு மோதுவது ஆண்மையின் கடைசிப் பரீட்சை என்றது.

இரும்பு ஸ்பிரிங்காரரின் நெஞ்சின்மேல் கிடந்தது. ஒன்பது பட்டையும் சேர்ந்து ஒரு சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்தபடி, மேலே ஜீப்பின் அடிச்சட்டத்தில் மாட்ட வேண்டிய இடத்தைக் கண்ணால் தேடினார்.

பயமென்று ஒன்றும் இல்லை. ஜாக்கியை அவர் எப்போதும் நம்பியதில்லை. பட்டறை ஜாக்கி கசிகிற ஜாக்கி. சும்மா நிற்கும்போதே மெல்ல இறங்கும், முழுப் பாரத்தையும் அதன் தலையில் வைத்தால் கேட்கவே வேண்டாம். தூக்க மட்டும்தான் அது. இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் உள்ளே தலையை விடுவார். அந்த ஸ்டாண்டுகளை இரவல் வாங்குகிறவர்கள் திருப்பித் தர மறந்துவிடுகிறார்கள் என்று போன வாரம்தான் இரண்டிலும் மஞ்சள் பெயிண்டால் பட்டறைப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார்.

கழற்றிய சக்கரத்தையும் சட்டத்துக்கு அடியில் படுக்க வைப்பது வழக்கம். இன்று அது மாப்பிள்ளைக்குப் பின்னால் அழகுக்கு நிற்கிறது. போகட்டும். ஸ்டாண்டு இருக்கிறதே.

சற்று முன், பட்டை அடுக்கை அவர் நெஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஜாக்கியை யாரோ நாலு அடி அடிப்பது கேட்டது. ஜீப் ஒரு நூல் உயர்ந்தது. பிறகு இரும்பு தரையில் உரசியது. புலி படம் காட்டுகிறது என்று விட்டுவிட்டார்.

"'செம்ம தல'ன்னு போட்டிருக்கார் ஒரு நண்பர். நன்றி நண்பா! இன்னொருத்தர், 'ஜீப் ஒரு பக்கமா சாயுது'ங்கிறார்." மாப்பிள்ளை சிரித்தார். "ஜீப் சாயல நண்பா, போன்தான் சாஞ்சிருக்கு."

போனை நேராக்கினார்.

ஸ்பிரிங்காரர் மேலே பார்த்தார். ஒரு சாண் தள்ளி இருந்த சட்டம் இப்போது நாலு விரற்கடையில் இருந்தது.

தலையை வலப்பக்கம் திருப்பினார். ஸ்டாண்டு நின்றது. மஞ்சள் எழுத்து அவரைப் பார்த்தது.

இடப்பக்கம் திருப்பினார். நேரலை நடக்கிற பக்கம். அங்கே எண்ணெய்ப் பிசுக்குத் தரையில் சதுரமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. பக்கத்தில் ஜாக்கி. அதன் கழுத்திலிருந்து எண்ணெய் நிதானமாக வழிந்துகொண்டிருந்தது.

தடத்துக்கு அப்பால் மாப்பிள்ளையின் புது பூட்ஸ். அதற்கும் அப்பால், சுவரோரம், ஸ்டாண்டு. பட்டறைப் பெயர் வீடியோவில் விழாதபடி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது.

பட்டை அடுக்கைத் தள்ளப் பார்த்தார். தள்ள இடமில்லை. மேல் பட்டை சட்டத்தைத் தொட்டது.

"மாப்ள."

மெல்லத்தான் கூப்பிட்டார். மைக்கில் விழுந்துவிட்டால் மகள் மறுபடி பெட்டியோடு வந்து நிற்பாள்.

பூட்ஸ் ஒரு கணம் அசையாமல் நின்றது.

"பின்னால யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கேன்னு ஒரு அக்கா கேக்கிறாங்க." செல்போன் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது. சக்கரம், சுவர், ஜீப். கால் எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

"நல்லாப் பாத்துக்கோங்கக்கா. என்னைத் தவிர இங்க யாருமே இல்ல."