திரும்பி வரும் எண்ணம்

"ஒரே ஒரு வார்த்தை போதும் லாய்ட். 'திரும்பி வருவேன்'னு சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

நகர மன்றக் கூடத்தின் வாசலில் நிறுத்தி வைத்து வக்கீல் மார்சி மறுபடியும் சொன்னாள். லாய்ட் ப்ரஸ்கா தொப்பியில் படிந்திருந்த பனியைத் தட்டிக்கொண்டே தலையாட்டினார்.

சட்டம் அப்படி. மன்ற உறுப்பினர் ஊர் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதவி போய்விடும். ஆனால் வெளியே தங்குவது தற்காலிகம்தான், வீடு திரும்பும் எண்ணம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் யாராலும் அசைக்க முடியாது.

இலையுதிர் காலத்திலிருந்தே லாய்ட் ஆற்றுக்கு அக்கரையில், ஊர் எல்லைக்கு வெளியே அடுத்த கவுண்டியில்தான் இருக்கிறார். அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவர் மனைவி அர்லீன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். இனி வீட்டுக்குக் கூட்டிப்போக வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது அவளுக்கும் தெரியும்.

ஊருக்கும் தெரியும். தெரிந்து என்ன? எங்கள் ஊர்க்காரர்களின் இரக்கமெல்லாம் ஒரு பாத்திரம் நூடுல்ஸ் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி.

கூடம் நிரம்பி வழிந்தது. சாலை போடும் கூட்டத்துக்கு ஈ காக்கை வராது. ஒருவரைப் பதவியிலிருந்து இறக்குகிறார்கள் என்றால் கூட்டத்தில் வைக்கும் டோனட்கூட மிஞ்சாது.

புகார் கொடுத்தது மாட்டுத் தீவனக் கடை டுவைட் ஹெக்மன். போன தேர்தலில் லாய்டிடம் தோற்றவர்.

"தினமும் காலையில நான் அந்த இல்லத்துப் பக்கமாத்தான் வண்டியில போறேன். இவரு காரு அங்கேயே நிக்குது. கண்ணாடி முழுக்க உறைபனி! அப்படீன்னா ராத்திரி பூரா அங்கதானே நின்னிருக்கு? இங்க வீட்டு வாசல்ல பனி அள்ளின தடமே இல்ல."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பொண்டாட்டியைப் பார்க்கப் போறது தப்பில்லப்பா. அதுக்காக அங்கேயே குடித்தனமா?"

சிரிப்பு.

"எங்க தெருவுல சாக்கடை பொங்கினப்போ இவரு எங்க போனாரு?"

எங்கேயும் போகவில்லை. பாலம் தாண்டி ஓடி வந்து முழங்கால் தண்ணீரில் நின்றார். அதைச் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நகராட்சி வக்கீல் ஃபென்ஸ்கி, லாய்டைச் சத்தியப் பிரமாணம் எடுக்க வைத்தார்.

"ஆர்ச்சர்ட் தெரு வீடு இன்னும் உங்களோடதுதானா?"

"என்னோடதுதான்."

"விக்கிற யோசனை?"

"இல்ல."

மார்சியின் முகம் மலர்ந்தது. பாதி வழி தாண்டியாயிற்று.

"சரி. இப்ப நீங்க தங்கியிருக்கிறது தற்காலிகமா? இந்த வீட்டுக்குத் திரும்பி வர்ற எண்ணம் இருக்கா?"

லாய்ட் நிமிர்ந்து, மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தார். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் இருந்த இடத்திலிருந்தே பார்க்கட்டும் என்று மேயர் வைத்த கேமரா.

"பாரு, போஸ் குடுக்கிறான்," என்று முணுமுணுத்தார் டுவைட்.

"லாய்ட், கேள்வி காதுல விழுந்துச்சா?" என்றார் ஃபென்ஸ்கி.

"விழுந்துச்சு. திரும்பி வர்ற எண்ணம் இல்ல. இனிமே என் வீடு அதுதான்."

மார்சி துள்ளி எழுந்தாள். "ஒரு நிமிஷம்! நான் அவர்கிட்ட தனியா பேசணும்."

"வேண்டாம்மா. உட்காரு," என்றார் லாய்ட்.

அப்புறம் விவாதிக்க என்ன இருக்கிறது? பதவி நீக்கத்துக்கு மன்ற உறுப்பினர்களின் கைகள் வரிசையாக உயர்ந்தன. அவரோடு ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவரின் கையும் உயர்ந்தது. மேஜை மேலிருந்த பெயர்ப் பலகையை எடுத்து லாய்டின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே! ஊரை விட்டு ஓடினவன்!" டுவைட் எல்லாரிடமும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்.

வாசலில் நார்மா வழி மறித்தாள். தேர்தலில் லாய்டுக்காக அலைந்தவள். "உங்களுக்காக வீடு வீடா ஏறி இறங்கினேனே. ஒரு பொய்யாவது சொல்லி நின்னிருக்கக் கூடாதா? எங்களை இப்படி அம்போன்னு விட்டுட்டீங்களே."

அவர் அவள் கையைப் பிடித்தார். பிறகு காரை நோக்கி நடந்தார்.

காரை நெருங்குவதற்குள் மார்சி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"என்ன பண்ணிட்டீங்க லாய்ட்! ஜெயிச்ச கேஸு! உங்க தேர்தல் பலகை ஒவ்வொண்ணுக்கும் அர்லீன் தன் கையால பெயிண்ட் அடிச்சாங்களே. அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?"

லாய்ட் கண்ணாடியில் ஒட்டியிருந்த பனியைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"திரும்பி வருவேன்னு சொல்லியிருந்தா, அந்த ஃபென்ஸ்கி அடுத்து என்ன கேட்டிருப்பான்?"

"எப்போ வருவீங்கன்னு கேட்டிருப்பார். அது சும்மா ஒரு கேள்வி. அர்லீனுக்கு அப்புறம்னு..."

மார்சி அப்படியே நின்றுவிட்டாள்.

"அந்தக் கேமராவுல, கூட்டம் பூராவும் அர்லீன் படுக்கையில இருந்து பார்த்துக்கிட்டிருந்தா மார்சி."