பிரிக்காத பார்சல்கள்

"இதப் பாருங்க அண்ணாச்சி, எல்லாம் உங்க மகன் கட்டிலுக்கு அடியில இருந்தது. ஒண்ணக்கூட பிரிக்கல!"

குற்றாலத்துக் கல்லூரி விடுதியின் வார்டன் தங்கசாமி பார்சல்களை மேஜைமேல் பரப்பினார். அத்தனையிலும் அருண்பாண்டியின் பெயர். அவன் தலையைக் குனிந்தபடி நின்றான்.

அம்மா முத்துலட்சுமிக்கு ஆத்திரம் பொங்கியது.

"பிரிச்சுப் பாக்கக்கூட நேரமில்லாம வாங்கிக் குவிக்கியாலே? கொழுப்புதான! ஞாயித்துக்கிழமை ஆனா உங்கப்பா ராயகிரியில இருந்து பஸ் ஏறி வந்து புத்தி சொல்லிட்டுப் போறாக. அதெல்லாம் எந்தக் காதுல போவுது?"

அப்பா சங்கரபாண்டி ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. மீசையைத் தடவிக்கொண்டு ஸ்டேஷன் குரலை வெளியே எடுத்தார்.

"மனுசனுக்குக் கட்டுப்பாடு வேணும்லே! ஆஃபருன்னு போட்டா உடனே அமுக்கிருவியா? சர்வீஸ் முழுக்க நான் ஒரு சபலத்துக்கு ஆளாயிருப்பேனா?"

அந்த அதட்டலில் வார்டனே விறைத்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்த அருண்பாண்டி, அப்பா முறைத்ததும் மூடிக்கொண்டான்.

"அத்தனையும் பறிமுதல்! நானே திருப்பி அனுப்பிக்கிடுதேன்" என்று பார்சல்களைத் தன் பையில் திணித்தார் சங்கரபாண்டி.

"ஹாஸ்டல்ல இருந்து படிச்சது போதும். பெட்டியக் கட்டுலே, இனிமே வீட்ல இருந்தே பஸ்ல வந்துட்டுப் போ" என்றாள் அம்மா.

அருண்பாண்டி திடுக்கிட்டு நிமிர்ந்தான். தினமும் ராயகிரிக்கு பஸ் என்றால் படிப்பு அவ்வளவுதான்.

அவனைவிட சங்கரபாண்டிதான் பதறிப்போனார். "வேண்டாம்ட்டி! தினமும் அலைஞ்சா பய உடம்பு என்னத்துக்கு ஆவும்? இங்கனயே இருக்கட்டும். நான் வாராவாரம் வந்து கண்டிச்சிக்கிடுதேன்."

"இப்படி ஒரு அப்பா கிடைக்க குடுத்து வச்சிருக்கணும்லே" என்று வார்டன் உருகினார்.

"அப்ப போனக் குடு!" மகனின் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு முத்துலட்சுமி வாசலைப் பார்த்து நடந்தாள். வார்டனும் அவளை வழியனுப்பப் பின்னால் போனார்.

அவர்களோடு வாசல்வரை போய், குடையை மறந்தவர்போல் திரும்பி வந்த சங்கரபாண்டி, மகன் காதருகே குனிந்தார்.

"போன் போனாப் போவுதுலே, ஓடிபி எப்பவும்போல எனக்குத்தான வரும்? டெலிவரி பயட்ட நானே சொல்லிக்கிடுதேன். வியாழக்கிழமை என் மசாஜ் மெஷின் வருது, உங்கம்மாவுக்குத் தெரியாம வாங்கி வையி. ஞாயித்துக்கிழமை வந்து புத்தி சொல்லிட்டு எடுத்துக்கிடுதேன்!"