கறை போன போர்வை

பரணில் கிடந்த கைத்தையல் போர்வை முழுக்கப் பூஞ்சைக் கறை. அவள் வினிகரைத் தெளித்து, பழைய பல் பிரஷால் நூல் பிரியாமல் தேய்த்தாள்.

"கந்தலைத் தூக்கிப் போடேன். புதுசு வாங்கித் தரேன்" என்றான் கணவன்.

"இது குப்பைக்குப் போனா, பின்னாலேயே நானும் போயிடுவேன்."

"அப்படி என்ன பொக்கிஷம்?" நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். "பார்த்தாலே அண்ணனுக்கு மனசு கெட்டுப் போகுது."

"கெட்டா கெடட்டும்."

வெயிலில் காய்ந்ததும் சிவப்புப் பூக்கள் பளிச்சென்று தெரிந்தன. பள்ளிவிட்டு வந்த மகள் அதைப் போர்த்திக்கொண்டாள்.

"யாரும்மா தைச்சது?"

கணவன் கண்ணாலேயே வேண்டாம் என்றான்.

"உன்னைப் பெத்த அம்மா. நீ அவங்க வயித்துல இருந்தப்போ உனக்காகத் தைச்சது. இனிமே இந்த வீட்டுல அவங்களைப் பத்தி நான் பேசத்தான் போறேன். யார் தடுக்கிறாங்கன்னு பார்க்கலாம்."